நடக்கும் முன்னே சொன்ன நன்றி

அன்பான சகோதர சகோதரிகளே, என் வீட்டுக்காரர் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாத நேரத்தில், "அவர் சுகமாகிவிட்டார்" என்று ரேடியோவில் சாட்சி சொன்னவள் நான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். என் வீட்டுக்காரர் தேவராஜ் பட்டு நெய்கிறவர். அவருக்கு இருதய வால்வில் கோளாறு. ஐப்பசியில் ஆபரேஷன் என்று நாள் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால், போன வருஷம் ஆவணியில், எங்கள் சபையிலிருந்து நாலு பேர் வானொலி ஊழியத்துக்காக மூன்று வாரம் இலங்கை மலைநாட்டுக்குப் போனோம். "எனக்கு ஒண்ணும் ஆவாது, நீ போய்ட்டு வாம்மா" என்று அவரேதான் அனுப்பி வைத்தார்.

அங்கே காலையில் குளிரில் நடுங்கிக்கொண்டே ஜெபம். பிறகு ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்ட சின்ன அறையில் பதிவு. தகரக் கூரையில் மழை விழுந்தால் நிறுத்த வேண்டும். விட்டதும் முதலிலிருந்து படிக்க வேண்டும். மாலையில் ஜெப விண்ணப்பங்கள் வாசிக்கும் அரை மணி நேரம் மட்டும்தான் நேரலை. காலை நிகழ்ச்சியை மூன்று நாள் முன்பே பதிவு செய்துவிடுவோம். செவ்வாய்க்கிழமை உட்கார்ந்துகொண்டு "இந்த வெள்ளிக்கிழமை காலையில்" என்று கூசாமல் பேசப் பழகிவிட்டோம்.

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, கொழுந்தனார் போன் செய்தார். என் வீட்டுக்காரருக்கு மூச்சுத்திணறல் அதிகமாகி, சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். ஆபரேஷன் வியாழக்கிழமையாம். உடனே கிளம்பலாம் என்றால், மண்சரிவில் கொழும்புக்குப் போகிற பாதை அடைபட்டுக் கிடந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் குழுவை நடத்தி வந்தவர் மாகறல் ஜேக்கப் அண்ணன். "சிஸ்டர், வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி உங்களுதுதான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சுன்னு நன்றி சொல்லிடுங்க. அது பொய் இல்லம்மா, விசுவாசம்" என்றார். எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் அன்றைக்கே உட்கார்ந்து பதிவில் பேசினேன். நன்றாகவே பேசினேன், அதுதான் வெட்கம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடியும் போன். "அண்ணி, ரத்தம் நிக்கல. திரும்பவும் உள்ள இட்டுக்கினு போயிட்டாங்க" என்று கொழுந்தனார் அழுதார். அதற்குப் பிறகு நான் பதிவையே மறந்துபோனேன். வெள்ளி காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு ரேடியோவில் என் குரல் கேட்டது. "என் கணவரைக் கர்த்தர் எழுப்பிவிட்டார்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அந்த நேரம் அவர் நினைவில்லாமல் கிடந்தார். தரையில் விழுந்தேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, உமக்கே நான் நாள் குறித்துவிட்டேன். பயமாக இருக்கிறது. அவரை உயிரோடு விட்டுவிடும்" என்று மட்டும் கதறினேன்.

மாலை நேரலையில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். ஜேக்கப் அண்ணன் தடுத்தார். "கேக்கறவங்க விசுவாசம் போயிடும்மா."

"அண்ணா, எங்கிட்ட இப்ப உண்மையாவது இருக்கட்டும்" என்றேன்.

மைக் முன்னால் உட்கார்ந்து, "காலையில் நான் சொன்னது நடக்கவில்லை. அவர் சாகக் கிடக்கிறார். எனக்காக ஜெபியுங்கள்" என்றேன். மைக்கைத் தள்ளிவிட்டேன். ஜேக்கப் அண்ணன்தான் அழுதுகொண்டே ஜெபித்து முடித்தார். வெளியே வந்தால், ரேடியோவில் கேட்டுவிட்டு ஓடிவந்த தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மூன்று பேர் மழையில் நனைந்தபடி நின்றார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே முழங்கால் போட்டார்கள்.

சனிக்கிழமை பாதை திறந்தது. ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். அன்று காலைதான் கண் திறந்தாராம். என்னைப் பார்த்ததும், "சாப்ட்டியா?" என்றார்.

அந்த ஆபரேஷனிலிருந்து இன்றைக்கும் அவருக்கு இடது கை சரியாக வராது. தறியில் உட்கார முடிவதில்லை. சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதையும் மறைக்காமல் சொல்கிறேன், இனி எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. ஆனால் உயிரோடு இருக்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிக் கிடக்கலாம். பதில் வரவில்லையென்றால், வரவில்லை என்றே கர்த்தரிடம் சொல்லுங்கள். பயமென்றால் பயம் என்று சொல்லுங்கள். நான் தைரியமாகப் பேசியபோது அல்ல, ஒன்றுமில்லாமல் நின்றபோதுதான் அவர் எனக்குப் பதில் தந்தார்.