அடக்கம் செய்யக் கிடைக்காத மச்சம்

இந்த நாட்டில் "எங்களுக்குத் தெரியாது" என்பதைக்கூட ஆளைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, கோப்பி கொடுத்துத்தான் சொல்கிறார்கள். நோர்வேயில் எனக்கு இன்னும் பழகாத மரியாதை இது. என் முதுகில் கறுத்துத் தடித்திருந்த மச்சத்தை வெட்டிச் சோதித்திருந்தார்கள். "புற்றுநோய் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பார்த்த இரண்டு நிபுணர்களும் ஒத்துப்போகவில்லை. ஒஸ்லோவிலுள்ள மூன்றாமவருக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றார் டொக்டர். என் மகள் வயதுப் பெண். எங்களூரில் பிறை பார்க்கிற கதைதான். ஒருவர் கண்டேன் என்பார், மற்றவர் மேகம் என்பார். விடிந்தால் நோன்பா பெருநாளா என்று தெரியாமல் இறைச்சி சட்டியில் காத்திருக்கும்.

பயத்தை இறக்கி வைக்கலாமென்று இலங்கையில், கற்பிட்டியிலிருக்கும் என் மூத்த சகோதரி ராத்தாவுக்குக் கோல் எடுத்தேன். அவ நோயைப் பற்றிக் கேட்கவேயில்லை.

"வெட்டின சதைய என்னடா செஞ்சாங்க?"

"ஆஸ்பத்திரியில இரிக்கி, ராத்தா."

"அடக்கலியா? ஒன்ட ஒடம்புத் துண்டு வெளியில கிடக்க, எப்படிடா ஒனக்குத் தூக்கம் வருது?"

எங்கள் பக்கம் உடம்பிலிருந்து வெட்டுப்பட்டது எதுவும் மண்ணுக்குள் போய்விட வேண்டும். போட் எஞ்சினில் விரலைப் பறிகொடுத்த மச்சான், அதை இறந்தவர்களோடு மையவாடியில் அடக்கிவிட்டு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விரலுக்கும் சேர்த்து ஸலாம் சொல்லுவார். ஒருவரும் சிரித்ததில்லை.

அடுத்த முறை டொக்டரிடம் துண்டைத் திருப்பிக் கேட்டேன்.

"வேறு யாரிடமாவது காட்டவா? அது உங்கள் உரிமை."

"இல்லை, புதைக்க."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "நீங்கள் இன்னும் சாகவில்லை" என்றார் மெதுவாக.

"அதையாவது உறுதியாகச் சொல்கிறீர்களே" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு விளங்கப்படுத்தினார். சதையை மெழுகில் உறையவைத்து மெல்லிய தகடுகளாகச் சீவியிருக்கிறார்களாம். பாதி இங்கே, பாதி ஒஸ்லோவில். திரும்பப் பார்க்க வேண்டி வரலாம், அதனால் தர முடியாது. மூன்றாமவருக்கும் நிச்சயமில்லையாம். பாதுகாப்புக்காக அந்த இடத்தைச் சுற்றி இன்னும் அகலமாக வெட்ட வேண்டும், சம்மதமா என்றார்.

ராத்தாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழும்பி வந்தேன். அன்றிரவே அவவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வெட்டச் சொல்லுடா" என்றா. "மிச்சத்தையாவது முழுசாக் கொண்டு வந்து சேரு."

வெட்டியாயிற்று. தையல் ஆறியதும் ஊருக்குப் போகிறேன். ராத்தா என்னைத் தடவிப் பார்ப்பா, முழுசாய் வந்திருப்பதாக நம்புவா. நான் நோயாளியா இல்லையா என்ற சந்தேகம் மட்டும் ஒஸ்லோவில், ஏதோவொரு மேசை லாச்சிக்குள், கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவாவது நான் இங்கே திரும்பி வர வேண்டும்.