நாங்கள் பொய் சாப்பிட்ட வயல்

என் கணவர் ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவர். அவர் நாளாந்தம் நிறுத்தும் ஒரு தரிப்பிடத்தில், கண்ணாடிக்கு நேரே, ஹவாய்த் தீவின் விளம்பரப் படம் ஒன்றை ஒட்டிவிட்டார்கள். நீலக் கடல், சரிந்து நிற்கும் தென்னைகள். குளிர்காலம் முழுக்க அதைப் பார்த்தபடியே மனிதர் ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறார். பெப்ரவரியில் ஒரு நாள், ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர், மண்வாரியைப் பனிக்குள் குத்தி நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"இனி என்னாலை ஏலாது. ஹவாய்க்குப் போவம்" என்றார்.

மகள் அப்போது எங்களைப் பார்க்க வந்திருந்தாள். வேலைக்குப் போகிற பெண், தனியாக இருக்கிறாள். "நானும் வாறன். உங்களைத் தனிய விட்டா ஹவாய் தாங்காது" என்றாள்.

அவள் எதற்கும் ஆயத்தமில்லாமல் இறங்குகிற ஆளில்லை. விமானத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்துகொண்டு பாடம் எடுத்தாள். கடலாமைக்குக் கிட்டப் போகக்கூடாது. ஒரு கல்லைக்கூட எடுத்துப் பையில் போடக்கூடாது. பவளப்பாறைக்குக் கெடுதல் செய்யும் வெயில் கிரீம் பூசக்கூடாது. 'கபு' என்று பலகை போட்டிருந்தால் அது அந்த மக்களின் தடை, உள்ளே கால் வைக்கக்கூடாது.

"அப்ப என்னதான் செய்யலாம்?" என்றார் இவர்.

"பாக்கலாம், அப்பா."

"பாக்கிறதுக்கோ இவ்வளவு தூரம்? அதை ட்ராமிலை இருந்தே பாத்தனான்."

ஆனாலும் சொன்னபடி நடந்தார். இரண்டாம் நாள் கடற்கரையில் துவாயை விரித்துப் படுத்திருந்தபோது, பெரிய ஆமை ஒன்று கரையேறி நேரே அவரை நோக்கி வந்தது. இவர் எழும்பி, துவாயை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். ஆமையும் அதே பக்கம் திரும்பியது. இவர் இன்னும் தள்ளிப் போனார். கடைசியில் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றார்.

"பிள்ளை, நான் தூரம் விடுறன். அது விடுதில்லை" என்று அங்கிருந்து கத்தினார். ஆமை அவர் படுத்திருந்த இடத்திலேயே ஆறுதலாகக் கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்த நாள் தீவின் வடக்குப் பக்கம் காரில் போனோம். மலையடிவாரத்தில் தண்ணீர் கட்டிய வயல்கள், அவற்றில் சேம்பு போன்ற அகன்ற இலைகள். இவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். வரம்போரத்துத் தென்னைக்குக் கீழே ஒரு தேங்காய் விழுந்து கிடந்தது. நாங்கள் இறங்குவதற்குள் அதைக் கையில் எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

"அப்பா, வையுங்கோ அதை!"

"ஏன்? காட்டிலை ப்ளோபேர்ப் பழம் பிடுங்கேக்கை ஆரிட்டைக் கேட்டனாங்கள்?"

நோர்வேயில் காட்டுப் பழம் எவரும் பறிக்கலாம், காட்டு வழியில் எவரும் நடக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்ததில் உலகமே அப்படித்தான் என்று இவர் நினைத்துவிட்டார்.

வயலுக்குள் குனிந்து நின்ற ஒரு பெண் நிமிர்ந்தார். என் வயதுதான் இருக்கும். நரைத்த நீளப் பின்னல், முழங்கால் வரை சேறு. வரப்பில் ஏறி வந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "அது உங்கள் மரமா?"

இவருக்கு ஆங்கிலமும் வரவில்லை, நோர்வேஜிய மொழியும் வரவில்லை. தேங்காயைக் கொண்டுபோய் கிடந்த இடத்திலேயே வைத்தார். பிறகு யோசித்து, முன்பு எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் வரும்படி திருப்பியும் வைத்தார். அதைப் பார்த்து அந்தப் பெண் சிரித்துவிட்டார்.

"இது எங்கள் குடும்ப நிலம். கேட்டிருந்தால் தந்திருப்பேன்."

"அப்ப இப்ப கேக்கட்டே?" என்றார் இவர் மகளிடம். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அதை மொழிபெயர்த்தாள்.

"தருகிறேன்," என்றார் அவர். "இன்று களை பிடுங்கும் நாள். கொஞ்சம் கைகொடுத்துவிட்டு வாங்கிப் போங்கள்."

நான் புது வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தேன். அதைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். இறங்கிய இடத்திலேயே சேறு தொடை வரை இழுத்தது. ஒஸ்லோவில் முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரைத் தூக்கி நிமிர்த்தியிருக்கிறேன். என் காலை என்னால் தூக்க முடியவில்லை. மகள் ஒரு பக்கமும் அந்தப் பெண் மறுபக்கமுமாக என்னை இழுத்து நிறுத்தினார்கள். மகள் அவரை 'அன்ரி' என்று கூப்பிட்டாள். நோர்வேயில் மேலதிகாரியையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். இங்கே வயதில் மூத்த பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், எங்கள் ஆட்களைப் போலவே.

களை பிடுங்கியபடி அன்ரி சொன்னார், அந்தச் செடியின் பெயர் கலோ. தங்கள் ஆதிக் கதையில் முதலில் பிறந்த பிள்ளை மண்ணுக்குள் போய் கலோவாக முளைத்ததாம். மனிதன் அதற்குப் பிறகு பிறந்த தம்பியாம். அண்ணன் தம்பிக்குச் சோறு போடுகிறான், தம்பி அண்ணனைப் பராமரிக்க வேண்டும்.

இவர் ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்தவர். "அண்ணனெண்டா பயந்துதான் நடக்கோணும்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு கன்றில் கால் பட்டுவிட்டது. சட்டென்று குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணெல்லாம் சேறு.

அன்ரி பிடுங்கிய களையைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அது என்ன என்று மகளிடம் கேட்டார். கால் படக்கூடாத ஒன்றில் கால் பட்டால் நாங்கள் இப்படித்தான் மன்னிப்புக் கேட்போம் என்று மகள் சொன்னாள். அன்ரி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இவரிடம் நீட்டினார்.

மத்தியானம் தகரக் கொட்டகைக்குள் சாப்பாடு. நடுவில் ஒரு மரக்கிண்ணம் வைத்து மூடியைத் திறந்தார். ஊதாவும் சாம்பலும் கலந்த நிறத்தில் பசை மாதிரி ஒன்று. கலோக் கிழங்கை அவித்து இடித்துப் பிசைந்தது.

"பொய்" என்றார் அன்ரி.

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவ்வளவுதான், சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம் என்று மகள் விளக்கினாள். "அப்படியென்றால் என் குடும்பம் முழுக்கப் பொய்யிலேயே வளர்ந்தது" என்று அன்ரியும் சிரித்தார்.

இவர் விரலால் தொட்டு நக்கினார். "பழங்கஞ்சி மாதிரிப் புளிக்குது. நல்லாத்தான் இருக்கு. ஒரு சம்பல் இருந்தா..."

"வந்த இடத்திலை சம்பல் கேக்கிறியளே? வெக்கமில்லையே?" என்றேன்.

"நான் உம்மட்டையே கேட்டனான்?"

அன்ரி விரலை உயர்த்தினார். பொய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது அந்த இடத்தில் சண்டை பிடிக்கக்கூடாதாம். அண்ணன் சபையில் இருக்கிறார் என்று அர்த்தமாம்.

"எங்கடை பாஷை விளங்காமல் எப்பிடிச் சண்டையெண்டு பிடிச்சவ?" என்று மகளைக் கேட்டேன்.

"அம்மா, அதுக்குப் பாஷை தேவையில்லை."

சாப்பிட்டு முடித்ததும் அன்ரி தேங்காயைக் கொண்டுவந்தார். கொட்டகையோரம் நிலத்தில் கூரான இரும்புக் கம்பி ஒன்று நட்டிருந்தது, ஊரில் தேங்காய் உரிக்க நடுகிற அலவாங்கு போலவே. இவர் துள்ளி எழும்பினார். "சின்னனிலை நான் ஒரு மூச்சிலை உரிப்பன். பாரும்" என்றார் என்னிடம். கம்பியில் குத்தினார். தேங்காய் வழுக்கி உருண்டது. மறுபடி குத்தினார். ஒரு நார் வந்தது. மூன்றாம் முறை தேங்காய் கொட்டகையை விட்டே வெளியே ஓடியது. ஒஸ்லோவில் குறொன்லாண்ட் கடையில் உரித்த தேங்காய் வாங்கியே பழகிய கை. அன்ரி போய் எடுத்து வந்து, கம்பியில் நாலு திருகு திருகி உரித்து அவர் கையில் வைத்தார்.

எனக்கு நாக்கு நுனியில் அருமையான ஒரு வசனம் வந்து நின்றது. வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அன்ரியிடம் திரும்பி, அந்த நாளில் முதல்முறையாகப் பிழையில்லாத ஆங்கிலத்தில் கேட்டார்:

"தயவுசெய்து அதை இப்போது மூடவேண்டாம்."

அன்ரி மூடவில்லை. நான் அந்த வசனத்தை விழுங்கிவிட்டு, உடைத்த தேங்காயின் தண்ணீரைக் குடித்தேன்.

சனிக்கிழமைக்கு மகள் ஒரு படகுச் சவாரி பதிவு செய்திருந்தாள். அன்று காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "அங்கை இன்னும் இரண்டு பாத்தி இருக்கெண்டு அன்ரி சொன்னவ" என்றாள், தன்பாட்டில் சொல்வது போல. அதற்குப் பிறகு படகைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நான் பழைய காற்சட்டையைத் தேடி எடுத்தேன்.

பதினொரு மணியளவில் மலையிலிருந்து மழை இறங்கி வந்தது. குளிரே இல்லாத மழை. வயலில் நின்ற அன்ரி வீட்டார் ஒருவரும் கரையேறவில்லை. நாங்களும் ஏறவில்லை.