பியூஸ் புடுங்கியாச்சு

கிணத்துல மாடு, வீட்டுல பாம்பு, ரோட்டுல மரம். இந்த மூணுக்கும் போன் வந்தா எங்க பயர் ஸ்டேஷன்ல ஒருத்தனும் பதற மாட்டான். தீயின்னா ஓடுவோம், ஹெல்மெட்ட மாட்டுவோம். மரம்னா வாயத் தொடச்சிக்கிட்டே கிளம்புவோம். அந்தத் திமிருக்கு நல்லா அனுபவிச்சோம்.

ரெண்டு நாளா கடலூர்லேந்து சிதம்பரம் வரைக்கும் காத்தும் மழையும். விடிஞ்சதுலேந்து அது எங்களுக்கு எட்டாவது மரம். புவனகிரி தாண்டி ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிர்ல, தூங்குமூஞ்சி மரத்துக் கிளை கரண்டு கம்பிய இழுத்துக்கிட்டு ரோட்டுல கெடந்துது. மத்த ஆளுங்க முந்தின மரத்துலயே நிக்க, டிரைவரோட நானும் என் மச்சானும்தான் வந்தோம்.

மச்சானும் நானும் பயிற்சியில ஒரே பேட்ச். சும்மா மச்சான் மச்சான்னு கூப்பிட்டுப் பழகி, கடைசியில என் தங்கச்சியவே கட்டிக்கிட்டான். அவ அப்போ ஏழு மாசம்.

லைன்மேனுக்குப் போன் போட்டேன். "டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் புடுங்கியாச்சு சார், தாராளமா வெட்டுங்க"ன்னாரு. பொய் சொல்லல, நெசமாவே புடுங்கியிருந்தாரு. பக்கத்து டீக்கடையில பேனும் ஓடல. எங்களுக்கு அது போதும். கம்பியில கரண்டு இருக்கான்னு பாக்கற கருவியும் ரப்பர் கையுறையும் வண்டியிலதான் இருந்துது. இன்ஸ்பெக்‌ஷன்ல புதுசு மாதிரி காட்டணும்னு பவுடர் போட்டுப் பெட்டியில பூட்டி வச்சிருந்தோம். சாவி ஆபீஸ்ல. இத எழுதறப்பவே எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது.

ஒருத்தன் வெட்டுனா இன்னொருத்தன் வேற வேலை பாக்காம சுத்தியும் கவனிக்கணும். பயிற்சியில மொதப் பாடமே அதான். கவனிக்க வேண்டியவன் நான். ஆனா பயர் வண்டி எங்க நின்னாலும் டீக்கடைக்காரங்க கூப்பிட்டு டீ குடுப்பாங்க, வேணாம்னா கோச்சுக்குவாங்க. "நீ போய்க் குடிச்சிட்டு வா மச்சான், ஆறிடப் போவுது"ன்னு அவனே அனுப்புனான். போனேன்.

டம்ளர வாங்குறேன், எதிர் மண்டபத்துல ஜெனரேட்டர் சத்தம். முகூர்த்தத்துக்கு நேரமாயிடுச்சு போலன்னு நெனச்சேன். அவ்ளோதான் நெனச்சேன். என் தலைக்கு மேல பேன் மெதுவா சுத்த ஆரம்பிச்சுது. "அட, கரண்டு வந்துடுச்சு"ன்னு டீ மாஸ்டர் சந்தோஷமா சொன்னாரு.

"மச்சான், கைய எடு"ன்னு கத்திக்கிட்டே திரும்புனேன். அவன் ஈரக் கிளையோட சேந்து கெடந்தான்.

மண்டபத்துல தெரு லைனத் துண்டிக்கிற ஸ்விட்ச மாத்தாமலே ஜெனரேட்டர ஓட்டிட்டாங்க. அந்தக் கரண்டு அவுங்க வயர் வழியாவே வெளிய வந்து தெருக் கம்பியில ஏறிடுச்சு. டிரைவர் ஓடிப்போய் ஜெனரேட்டர நிறுத்துனாரு. நான் அவன இழுத்துப் போட்டு நெஞ்ச அமுக்கி அமுக்கி, கை ஓஞ்சதுதான் மிச்சம். சிதம்பரத்துல ஆஸ்பத்திரி வாசல்லயே சொல்லிட்டாங்க.

இப்ப புதுசா வர்றவங்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்குறேன். போன்ல சொன்னத நம்பாத, சோதிச்சுப் பாரு, பெட்டி பூட்டியிருந்தா ஒடைச்சிடு, எவன் கேக்குறான்னு பாத்துக்கலாம். எல்லாத்தையும் சொல்றேன். டீக்கடைக்குப் போனத மட்டும் சொல்றதில்ல.

காரியம் முடிஞ்ச அன்னிக்கு தங்கச்சி வயித்தத் தாங்கிக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தா. "கடைசி நேரத்துல அவுரு தனியா இல்லண்ணா, நீ பக்கத்துலயே நின்ன. அத நெனச்சுத்தான் ஒரு வாய் சோறு எறங்குது"ன்னா.

நான் தலையாட்டுனேன்.