இருவருக்கான பால்கனி

‘வேண்டாம்’ என்ற சொல்லை ஒருமுறைகூட வாயில் எடுக்காமல் ஒரு மனிதன் வாழ்ந்து முடித்துவிட முடியுமா? முடியுமென்றால், அதற்கான விலையை அவன் கொடுக்கிறானா, பக்கத்தில் இருப்பவர்கள் கொடுக்கிறார்களா? மகங்கே ஊரில் மின்விசிறி பழுதுபார்க்கும் உபால்தோ ஆரியேத்தாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வந்து நிற்கும். அவர் நல்லவர் என்று ஊர் சொல்லும். ஊர் அப்படித்தான் சொல்லும், வாங்கிக்கொண்ட கை அது. அவருடைய மனைவி நெரெய்தாவைக் கேட்டால் சற்று நேரம் யோசித்துவிட்டு, “கெட்டவர் இல்லை” என்பாள்.

மக்தலேனா ஆற்றங்கரை வெயிலில் மின்விசிறி நின்றால் குடும்பத்தில் சண்டை தொடங்கிவிடும். ஆகவே உபால்தோவுக்கு வேலைக்குக் குறைவில்லை. வீட்டு முன்னறைதான் பட்டறை. கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டுக் கதவு பகலில் சாத்தப்பட்டதே கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒருவர் போனால் “வாங்களேன், சாப்பிடலாம்” என்று சொல்ல வேண்டும். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, “நன்றி, இன்னொரு நாளைக்கு” என்று சொல்ல வேண்டும். அத்தோடு முடிந்தது. அதற்குமேல் வற்புறுத்துவது மரியாதைக் குறைவு. பயணத்துக்கும் இதே விதிதான். எங்கே கிளம்புகிறோம் என்று சொன்னால் “நீங்களும் வாங்களேன்” என்று சேர்த்துத்தான் சொல்வோம். யாரும் வரமாட்டார்கள். வந்தால் தொலைந்தோம்.

உபால்தோவிடம் மட்டும் இந்த வழக்கம் கெட்டுப்போயிருந்தது. அவர் “வாங்களேன்” என்று சொல்லும்போது முகம் முழுக்க மலர்ந்துவிடும். புருவம் மேலே ஏறும், கை நீளும், காலால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு “இன்னொரு நாளைக்கு” என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

உபால்தோவும் நெரெய்தாவும் தேனிலவுக்குக் கடலோர நகரமான கார்த்தஹேனா போனார்கள். சித்தப்பாவின் கிழங்கு லாரியில். உபால்தோ வழியெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு, போய்ச் சேர்ந்தபோது பதின்மூன்று பேர். இரவில் நெரெய்தா நான்கு அத்தைகளோடு ஒரே அறையில் படுத்தாள். மாப்பிள்ளை முற்றத்துத் தூளியில், ஒரு மச்சானின் காலை முகத்தருகே வைத்துக்கொண்டு தூங்கினார். பழைய நகரத்தின் மணிக்கூண்டு வாசலில் எடுத்த படம் இன்னும் பட்டறைச் சுவரில் இருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அதுதான் மணப்பெண்.

நெரெய்தா பள்ளிக்கூடத்தில் மதியச் சமையல் செய்கிறாள். வருஷம் முழுக்கக் கூட்டத்துக்குப் பொங்கிப் போடுகிறவள். அவர்களுடைய இருபத்தாறாவது கல்யாண நாளுக்கு, பொகோத்தாவில் வேலை பார்க்கும் மகள் கார்த்தஹேனாவில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தாள். பழைய நகரத்தில், பால்கனியோடு, இரண்டு இரவுகளுக்கு.

“நீயும் நானும் மட்டும். கோட்டை மதில் மேல நடக்கணும், கடல் பாக்கணும். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, உபால்தோ” என்றாள் நெரெய்தா.

“நான் எதுக்குச் சொல்றேன்?”

“நீ எதுக்குச் சொல்வேன்னு யாருக்குத் தெரியும்? வாயை மூடிக்கிட்டு இரு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.”

உபால்தோ செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாக்குப்பிடித்தார். அன்றைக்குத்தான் முடி வெட்டிக்கொள்ளப் போனார். சலூன்காரர் அபிமாயேல் உபால்தோவின் மகளுக்கு ஞானத்தந்தை. அதனால் இருவரும் ஒருவரையொருவர் ‘கம்பாத்ரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“என்ன கம்பாத்ரே, செவ்வாய்க்கிழமையில வந்து உட்கார்ந்திருக்கே? யாரு செத்தது?”

“யாரும் சாகலை. சும்மா.”

“சும்மா வந்தவன் காதுக்குள்ள இருக்கற முடியைக்கூட எடுக்கச் சொல்றே. பொண்ணு விவகாரமா?”

“பொண்ணுதான். என் பொண்டாட்டி. வெள்ளிக்கிழமை கார்த்தஹேனா போறோம்.” இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாக்குக்கு ஒரு பாதை பழகிவிட்டால் அது மாடு மாதிரி தானாகவே வீடு போய்ச் சேரும். “நீயும் வாயேன்!”

கத்தி காதருகே நின்றது. அபிமாயேல் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தார். புருவம் ஏறியிருந்தது.

“அதுக்கென்ன, வர்றேன். எங்க வீட்டுக்காரியும் ரொம்ப நாளா கடல் கடல்னு உயிரை எடுக்கறா. பானையை நான் கொண்டாந்துடறேன்.”

“பானையா?”

“பின்ன? சான்கோச்சோ வைக்காம அது என்ன பயணம்? சவ ஊர்வலமா?”

கறியும் கிழங்கும் போட்டு வேகவைக்கும் அந்தப் பானை ஏறாத வண்டியை எங்கள் ஊரில் பயணத்தில் சேர்ப்பதில்லை. “வரவேண்டாம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உபால்தோவுக்கு அது முடியாது. ஆகவே முடிகிறவர்களைத் தேடிப் போனார்.

அவருடைய மாமியார் தோன்யா பெத்ரோனா, கேட்ட எல்லாருக்கும் முடியாது என்று சொல்லியே எண்பது வயதைத் தொட்டவர். பாதிரியாருக்குச் சொல்லியிருக்கிறார். மேயருக்குச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை அறுவை மேசையில் படுத்துக்கொண்டு மருத்துவருக்கே சொல்லி எழுந்து வந்திருக்கிறார்.

“அத்தை, நீங்கதான் அபிமாயேல்கிட்டப் பேசணும். நானும் நெரெய்தாவும் தனியாப் போறதா இருந்தோம்.”

“தனியாத்தான் போகணும். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல ஊருக்கு என்ன வேலை? நான் சொல்லிக்கறேன், நீ போ.”

உபால்தோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நன்றி வெள்ளமாகப் பொங்கியது. “அத்தை, நீங்களும் வாங்களேன்!”

தோன்யா பெத்ரோனா ஆடும் நாற்காலியை நிறுத்தினார். “பால்கனி இருக்கா?”

“இருக்கு... ஆனா...”

“நான் என்ன ஊரா? பெத்தவ. வர்றேன். ஆனா என் நாற்காலி இல்லாம வேற எதுலயும் உட்கார மாட்டேன். அதைத் தூக்கறதுக்கு ஆள் வேணும். அபிமாயேல் வரட்டும்.”

பானைக்கும் நாற்காலிக்கும் பேருந்து சரிப்படாது என்று அபிமாயேல் வேன் பேசிவிட்டார். உபால்தோ வேன்காரன் எதில்சனிடம் ஓடினார்.

“தம்பி, வெள்ளிக்கிழமை வண்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு.”

“வண்டி நல்லாத்தானேண்ணே இருக்கு?”

“தெரியும்டா. பொய்தான் சொல்லச் சொல்றேன்.”

“எதுக்குண்ணே? அந்த வாடகையை நம்பித்தான் இருக்கேன்.”

உபால்தோவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லாரும் கடலில் குளிக்கும்போது இவன் மட்டும் வெயிலில் வண்டிக்குள் வெந்துகொண்டிருப்பானே என்று தோன்றியது. தோன்றியதும் வாய் திறந்துவிட்டது. “வீட்ல பொண்டாட்டி, புள்ளைங்க, அம்மா எல்லாரையும் கூட்டிட்டு வாயேன்!”

எதில்சனுக்குப் பிள்ளைகள் ஐந்து.

வியாழக்கிழமை நெரெய்தா தன் மஞ்சள் கவுனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அபிமாயேலின் மனைவி வாசலில் தலையை நீட்டினாள். “நெரெய்தா, மரவள்ளியை நானே உரிச்சுக் கொண்டாந்துடறேன். வாழைக்காய் உன் பொறுப்பு, சரியா?”

நெரெய்தா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “எத்தனை பேருக்கு?”

“பதிமூணு பேருக்குத்தான். ஏன், யாரையாவது விட்டுட்டோமா?”

“இல்லை. வாங்கி வைக்கறேன்.”

பட்டறையில் ஒரு மின்விசிறியின் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டிருந்த உபால்தோ இதைக் கேட்டார். தட்டு பறக்கும் என்று காத்திருந்தார். எதுவும் பறக்கவில்லை. இஸ்திரி மறுபடி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பொறுக்கமாட்டாமல் எழுந்து போனார்.

“கோவமா?”

“இல்லை.”

“கொஞ்சம் கோவப்படேன்.”

“எதுக்கு? நீ மாறுவேன்னு இத்தனை வருஷம் நினைச்சேன் பாரு, அது என் முட்டாள்தனம்.” அவள் கவுனின் கையை இழுத்து மடித்தாள். “கார்த்தஹேனாவுல இறங்கினதும் நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். நீ உன் ஊரோட உட்கார்ந்து சான்கோச்சோ சாப்பிடு.”

“எப்பத் திரும்பி வருவே?”

“தெரியலை. வேணும்னா முழங்கையை அனுப்பி வைக்கறேன்.”

அவள் சிரிக்கவில்லை. உபால்தோவும் சிரிக்கவில்லை. நெரெய்தா சத்தம் போட்டுச் சொல்வது நடக்காது, மெதுவாகச் சொல்வது நடந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் வாசலில் நின்றது. கூரைமேல் ஆடும் நாற்காலி கால்களை வானத்துக்கு நீட்டிக் கட்டப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் பானை. பானைக்குள் ஒரு கோழி உட்கார்ந்து, தனக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டதுபோல் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தெருவைப் பார்த்தது. உள்ளே ஜன்னலோரம் நெரெய்தா மஞ்சள் கவுனில் இருந்தாள். மடியில் பெட்டி, பக்கத்தில் அம்மா, காலடியில் வாழைத்தார். உபால்தோவுக்குக் கடைசி வரிசையில், கிழங்கு மூட்டைக்கும் எதில்சனின் அம்மாவுக்கும் நடுவே இடம் வைத்திருந்தார்கள். கீழே நின்றவர் அவர் ஒருவர்தான்.

“வா கம்பாத்ரே!” என்று அபிமாயேல் கதவுக்கு வெளியே கையை நீட்டினார்.

“வா மாப்ளே, வெயில் ஏறுது!”

“வாங்கண்ணே, வாங்களேன்!”

எல்லா முகங்களும் மலர்ந்திருந்தன. வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களுக்குக் காட்டிய அதே முகம். அது தன் பக்கம் திரும்பியதை அவர் அன்றுதான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். ஜன்னலில் இருந்த முகம் மட்டும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உபால்தோ தொப்பியைக் கழற்றினார். நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“நன்றி. இன்னொரு நாளைக்கு.”

அபிமாயேலின் நீட்டிய கை அப்படியே நின்றது. கோழிகூடக் கழுத்தைத் திருப்புவதை நிறுத்திக்கொண்டது.

“விளையாடறியா கம்பாத்ரே? இது உன் பயணம்டா!”

“போயிட்டு வாங்க. பால்கனி ரூம் அத்தைக்கு.”

“இன்னொரு நாளைக்கு” என்று சொன்னவனை வற்புறுத்தக் கூடாது. அபிமாயேலுக்குத் தெரிந்த மரியாதை அவரையே கட்டிப்போட்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தோன்யா பெத்ரோனாதான் தீர்ப்புச் சொன்னார். “மரவள்ளியை உரிச்சாச்சு. உரிச்ச கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது. வண்டியை எடுடா.”

எதில்சன் வண்டியைக் கிளப்பினான். உபால்தோ தன் மனைவியை இறங்கு என்று சொல்லவில்லை. அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. தரையைப் பார்த்தபடி தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் தள்ளும்மா.”

“எங்கடி போறே?”

“நானும் இன்னொரு நாளைக்கு வர்றேன்.”

நெரெய்தா வாழைத்தாரைத் தாண்டி, இரண்டு பிள்ளைகளைத் தாண்டி, பெட்டியோடு தெருவில் குதித்தாள். வேன் போயிற்று. திருப்பத்தில் ஆடும் நாற்காலி ஒருமுறை ஆடி மறைந்தது. வழக்கமாக அந்தத் தெருவில் சத்தம் போடுகிற அத்தனை பேரும் அதற்குள் இருந்ததால், நீர்க்குழாய் சொட்டுவது கேட்டது.

“கடல் பாக்கணும்னு சொன்னேன்” என்றாள் நெரெய்தா.

“ம்.”

“மதில் மேல நடக்கணும்னு சொன்னேன்.”

“ம்.”

“வராதீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லியிருந்தா நாம போயிருக்கலாமே. இப்ப என் பால்கனியில எங்கம்மா உட்கார்ந்து ஆடப் போறா.”

உபால்தோ தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், எங்கே கெட்டிருக்கிறது என்று தேடுகிறவர்போல. நெரெய்தா பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவர் பதறிக் குனிந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். “நாற்காலி... கால் மேல...” என்று ஏதோ சொல்லவந்து, முடிக்க முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணிக்கூண்டு வாசலில் வேனில் போனவர்கள் எடுத்துக்கொண்ட படம் இப்போது அபிமாயேலின் சலூனில் தொங்குகிறது. பதினோரு பேரும் ஆடும் நாற்காலியைச் சுற்றி நிற்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். இடது ஓரத்தில் யாருடைய முழங்கையும் இல்லை.

அன்று உபால்தோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். நெரெய்தா பின்னால் வந்தாள். தெருமுனையில் யாரோ ஒருவர் நின்றுபோன மின்விசிறியைத் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார். “உபால்தோ! ஒரு நிமிஷம்!” என்று கை ஆட்டினார். உபால்தோவின் புருவம் பாதி ஏறியது. பிறகு அவர் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.

கார்த்தஹேனாவை ஊருக்கு ஏன் விட்டுக்கொடுத்தார் என்று நெரெய்தா பலமுறை கேட்டிருக்கிறாள். நானும் ஒருமுறை கேட்டேன். அவர் ஒரு மின்விசிறி இறக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, லேசாக வளைந்திருக்கிறது என்றார்.