வேனுக்குத் தண்ணீர் பிடித்த வீடு

நான் நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த கோடையில்தான் எங்கள் வேனுக்கு அந்த நடுக்கம் வந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் நாலைந்து தடவை முக்கிவிட்டு, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டுதான் எழுந்திருக்கும். எழுந்த பிறகும் ஒரே சீராக ஓடாது. கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். திடீரென்று யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போலக் குலுங்கும். சில நாள் நடுரோட்டில் நின்றேவிடும்.

அது பழைய டீசல் வேன். எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு முதலாளிகளிடம் உழைத்துக் களைத்திருந்தது. மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தவர்களைக் காலையில் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் ஏற்றிக்கொண்டுபோய் விடவேண்டும். மாலையில் திரும்ப அழைத்து வரவேண்டும். ஓட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார்.

திருக்கழுக்குன்றம் சாலையில் வேன் இரண்டாவது முறை நின்றபோது, ஓட்டல்காரர்கள் இன்னொரு தடவை தாமதமானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா குற்றவாளியைத் தேடத் தொடங்கினார்.

அப்பா வக்கீல் குமாஸ்தா. நாள் முழுக்கச் சாட்சிகள் பொய் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்குச் சந்தேகம் ரத்தத்தில் ஊறிவிட்டது என்பாள் அம்மா. தர்பூசணியை வெட்டிக் காட்டினால்கூட, சாயம் ஏற்றியிருப்பார்களோ என்று விரலால் தேய்த்துப் பார்ப்பவர் அவர். எஞ்சின் விஷயத்தில் முதலில் டீசல் போட்ட பங்க்கைச் சந்தேகித்தார். பிறகு மெக்கானிக்கை. இரண்டும் ஓய்ந்த பிறகு, சந்தேகம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அதற்குக் காரணம் ஒரு டீக்கடைக்காரர். திருக்கழுக்குன்றம் தாண்டி ரோட்டோரம் ஒரு மரத்தடியில் தினமும் பத்து மணிக்கு எங்கள் வேன் காலியாக நிற்கிறது, டிரைவர் ஒரு வெள்ளைக் கேனைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் போகிறார் என்று அவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். மாமாவிடம் கேட்டதற்கு, "ரேடியேட்டருக்குத் தண்ணி புடிக்கப் போறேன் மச்சான். பழைய வண்டி, சூடாவுது" என்றார்.

அப்பாவுக்கு அவ்வளவு போதும். போகும்போது கேனில் டீசல் போகிறது, வரும்போது தண்ணீர் வருகிறது, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் டேங்கிலும் விழுகிறது. அதனால்தான் எஞ்சின் நடுங்குகிறது என்று வழக்கை முடித்துவிட்டார். மாமா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ஃபில்டரிலிருந்து டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. "சுத்தம் பண்ணி வெச்சிக்கீறான்" என்றார்.

அடுத்த நாள் என்னைத் தனியாக அழைத்தார். கோடு போட்ட புது நோட்டு ஒன்றும் அவருடைய பேனாவும் என் கைக்கு வந்தன. மணி பார்க்கத் தன் கைக்கடிகாரத்தையே கழற்றிக் கட்டிவிட்டார். அது முழங்கை வரை ஏறி அங்கே நின்றது. வேன் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, மாமா கையில் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் எழுத வேண்டும். மாமாவிடம் மட்டும், "பாப்பா கடலைப் பாக்கணும்னு கேட்டுகினே கீது, கூட்டினு போ" என்றார். மாமா சந்தோஷமாகத் தலையாட்டினார். என் கையில் இருந்த கடிகாரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒருவரைச் சந்தேகப்படுவது எவ்வளவு சுவையான வேலை என்பது முதல் நாளே புரிந்துவிட்டது. அவர் கியர் மாற்றினாலும் ஏதோ மறைப்பதாகத் தோன்றியது. ஜன்னல் வழியே எச்சில் துப்பினால் யாருக்கோ சைகை காட்டுவதாகத் தோன்றியது. கடலைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஓட்டலில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, டீக்கடைக்காரர் சொன்ன அதே மரத்தடியில் வேன் நின்றது. மாமா கேனை எடுத்துக்கொண்டு போனார். இருபது நிமிடம். கேன் கனமா லேசா என்று தெரியவில்லை, அதையும் எழுதினேன்.

இரண்டாம் நாள் அவர் இறங்குவதற்கு முன்பே கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். காலி. பிறகு தாகம் என்று பொய் சொல்லி நானும் கூடவே போனேன். சந்து திரும்பினால் ஒரு சர்ச், அதன் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். மூன்றாவது வீட்டு வாசலில் ஓர் அக்கா நின்றிருந்தாள். சர்ச் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் என்று மாமா சொன்னார். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். காற்றில் கலைந்திருந்த என் சடையைப் பிரித்துப் பின்னி, கனகாம்பரம் வைத்துவிட்டாள். மாமா அங்கே இருந்த நேரமெல்லாம் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

'போகும்போது கேன் காலி. வரும்போது தண்ணீர். நானும் குடித்தேன். அக்கா நல்லவர்' என்று எழுதினேன்.

அப்பா கேனைப் பற்றிய வரிகளை மட்டும்தான் படித்தார். "உன்னப் பாத்ததும் உஷாராயிட்டான்" என்று நோட்டை மூடினார். அன்று மாலை மாமாவிடம் நேராகவே கேட்டுவிட்டார். மாமாவுக்கு முகம் சிவந்தது.

"என்மேல சந்தேகம்னா சாவிய வாங்கிக்கோ மச்சான். டீசல் லைன்ல காத்து இழுக்குதுன்னு பத்து நாளா சொல்லிகினு கீறேன். நீதான் கேக்கல."

"டீசலே ஒழுகல. காத்து மட்டும் எப்புடிடா உள்ள பூரும்?"

அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறுநாள் வேலை முடிந்து, மெக்கானிக்கின் கடைக்குத் தானே போய் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அம்மா தன் பையிலிருந்து குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

மெக்கானிக் முதலில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு நாஸில்களின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். எதைத் தளர்த்தினாலும் எஞ்சின் சத்தம் மாறியது. நான்குமே வேலை செய்கின்றன என்றார். பிறகு டேங்கிலிருந்து வரும் பைப்புக்கும் பம்புக்கும் நடுவே அம்மாவின் குழாயை மாட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள் டீசலுக்குள் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

"பாத்தியா சார்? காத்து" என்றார் மெக்கானிக்.

அப்பா அப்போதும் விடவில்லை. குழாயிலேயே ஓட்டை இருக்கலாமே என்றார். மெக்கானிக் குழாயின் டேங்க் பக்க முனையைக் கழற்றி, ஒரு டப்பாவில் இருந்த நல்ல டீசலுக்குள் நேராக விட்டார். குமிழி நின்றது. எஞ்சின் நடுக்கம் இல்லாமல் ஒரே குரலில் ஓடியது. பிறகு வேனுக்கு அடியில் படுத்தவர், கிளாம்ப் உரசி உரசி டேங்க் பைப்பில் விழுந்திருந்த ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடித்தார். பம்பு இழுக்கும்போது அந்த வழியாகக் காற்று உள்ளே போகுமாம். டீசல் வெளியே வராதாம்.

அம்மா நிமிர்ந்து நின்று அப்பாவைப் பார்த்தாள். "என் தம்பி திருடன் இல்லன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

அப்பா வாசலில் கொஞ்ச நேரம் நடந்தார். தோற்றுப்போன வழக்கிலும் அவருக்கு ஒரு கேள்வி பாக்கியிருந்தது. "சரி, திருடல. ரோட்டு மேலயே அடிபம்பு கீதே. தண்ணி புடிக்க சந்துக்குள்ள எதுக்குப் போறான்?"

மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றும் நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. "அங்க அக்கா கீறாங்கப்பா. எனக்குச் சடை பின்னி வுட்டாங்க. மாமாவப் பாத்தா சிரிப்பாங்க" என்றேன்.

"எந்த வூடுடி?" என்றாள் அம்மா.

"சர்ச்சுக்குப் பின்னால, மூணாவது வூடு."

"காலனியா?"

அம்மாவின் சிநேகிதி ஒருத்தி கல்பாக்கம் பக்கத்தில் ஆபீஸ் குடியிருப்பில் இருந்தாள். அதையும் காலனி என்றுதான் சொல்வார்கள். ஊஞ்சலும் பூங்காவும் உள்ள இடம். அந்த ஞாபகத்தில் நான் உற்சாகமாகத் தலையாட்டினேன். "ஆமாம்மா, காலனிதான். வூடு ரொம்ப சுத்தமா கீது."

அம்மா தம்பியின் பக்கம் திரும்பினாள். "இன்னாடா சொல்றா இவ?"

"நெஜந்தாங்க்கா. அவளத்தான் கட்டிக்கப் போறேன்."

அம்மா மெதுவாகச் சொன்னாள். "டீசல எடுத்து வித்திருந்தாகூட மன்னிச்சிருப்பேன்டா."

வேனுக்கு அடியில் மெக்கானிக் புதுப் பைப்பை முடுக்கிக்கொண்டிருந்தார். மாமா உள்ளே போய் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு வந்தார். சாவியை வேனின் முன்சீட்டில் வைத்தார். என் கன்னத்தை லேசாகத் தட்டிவிட்டு, ரயில் நிலையத்துப் பக்கம் நடந்து போனார். அப்பா, "டேய், சாப்ட்டுட்டுப் போடா" என்றார். மாமா திரும்பவில்லை. அம்மா தடுக்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மாமா ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார். முட்டுக்காட்டில் குடியேறி லாரி ஓட்டினார். அம்மா அந்த வீட்டு வாசலை இன்றுவரை மிதித்ததில்லை. அப்பாதான் எப்போதாவது என்னிடம், "இப்ப இன்னா வண்டி ஓட்டறானாம்?" என்று வேறு யாருக்கும் கேட்காத குரலில் விசாரிப்பார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு இதெல்லாம் தெரியாது. மாமா திருடவில்லை என்று நிரூபணமாகிவிட்டது, பிறகு ஏன் போனார் என்பது மட்டும் விளங்கவில்லை. அடுப்படியில் இருந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள் திரும்பாமலே, "அவனுக்கு வேற வண்டி கெடச்சிச்சு, போயிட்டான்" என்றாள்.

"புது வண்டியாம்மா?"

"ம்."

நான் தெருவுக்கு ஓடினேன். எங்கள் மாமாவுக்குப் புது வண்டி கிடைத்திருக்கிறது, அது நான் சாட்சி சொன்னதால் கிடைத்தது என்று விளையாடிக்கொண்டிருந்த எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன்.