ராசியான பூட்ஸ்

உங்கள் மகளை, மகன் கழற்றிப் போட்ட பழைய ஷூவில் மலையேற அனுப்புவீர்களா? மாட்டீர்கள் என்றால், அதையே வழக்கமாக வைத்திருந்த ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்கிறேன்.

அங்கே பெண்கள் கால்பந்து அணிக்கு ஒரு தலைமைப் பயிற்சியாளர் இருந்தார். அவருக்குக் கீழே ஒருவரும் இல்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதும், பந்துக்குக் காற்றடிப்பதும், சேற்று ஜெர்சிகளை அலசிக் காயப்போடுவதும் அவரேதான். "தலையும் நான்தான், வாலும் நான்தான். நடுவுல உடம்பு எங்கன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்" என்பார்.

அதே கல்லூரியில் படித்து, அதே அணியில் தடுப்பாட்டம் ஆடியவர் அவர். படிப்பு முடிவதற்குள் வலது முழங்கால் போய்விட்டது. அது முதல் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார்.

முழங்காலைத் தின்றது ஒரு மூட்டை. ஆண்கள் அணிக்கு ஆண்டுதோறும் புது பூட்ஸ் வாங்குவார்கள். அவர்கள் போட்டுத் தேய்த்தவை சாக்கில் கட்டப்பட்டுப் பெண்கள் அறைக்கு வரும். பெண்கள் இரண்டு ஜோடி காலுறை மாட்டி, நுனியில் பஞ்சு திணித்துக்கொண்டு ஆடுவார்கள். வேகமாகத் திரும்பும்போது பூட்ஸ் தரையைக் கவ்வி நிற்கும். பாதம் உள்ளே வழுக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால் முறுகும். ஆண்டுக்கு ஒருத்தியாவது விழுந்தாள். "பொம்பளைப் புள்ளைங்களுக்கு எலும்பு வீக்கு" என்றார்கள், படித்த வாயாலேயே.

பயிற்சியாளர் கல்லூரிச் செயலாளரின் அறைக்குப் போய்க் கேட்டார். "சார், பொண்ணுங்களுக்கு அவங்க கால் அளவுல பூட்ஸ் வேணும்."

"மொதல்ல ஒரு கப்பு வாங்கிட்டு வாங்க மேடம், பாக்கலாம்."

வாங்கி வந்தார்கள். செயலாளர் முகமெல்லாம் பல்லானார். "இந்த பூட்ஸ்லயே ஜெயிச்சிட்டீங்களே! ராசியான பூட்ஸ் மேடம். ராசியப் போய் யாராவது மாத்துவாங்களா?"

"அப்ப பசங்களுக்கு மட்டும் ஏன் சார் வருஷா வருஷம் மாத்துறீங்க? அவங்க தோக்குறதுனாலயா?"

செயலாளரின் பல் உள்ளே போனது.

தோற்றால் தகுதி இல்லை. வென்றால் தேவை இல்லை. அநியாயத்துக்கு எப்போதும் இரண்டு வாசல். ஒன்றை அடைத்தால் மற்றொன்றில் வரும்.

அடுத்த ஆண்டும் பெண்கள் இறுதி ஆட்டம் வரை வந்தார்கள். கோல் அடித்துக் கொடுத்தவள் ஒரு தையல்காரம்மாவின் மகள். எங்கே பாய்வாள் என்று தெரியாததால் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். அரையிறுதியில் அவள் முழங்கால் வீங்கிவிட்டது. கால் தாங்குமா என்று பார்க்க, பயிற்சியாளர் அவளைப் பெஞ்சிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கச் சொன்னார். முழங்கால் உட்பக்கமாக மடிந்தது.

"ஃபைனல்ல நீ உக்காந்துதான் பாக்கப்போற."

"அக்கா, ஒரே ஒரு மேட்ச்சுக்கா! கால் போனா போகட்டும்."

"இதே டயலாக்க நானும் பேசினேன்டி. போச்சு. போனது திரும்பி வரல."

இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. செயலாளர் சிறப்பு விருந்தினர் வரிசையிலிருந்து எழுந்து பெஞ்சுக்கே வந்தார்.

"அந்தப் பொண்ண எறக்குங்க."

"எறக்க மாட்டேன் சார். முட்டி போயிடும்."

"உங்க நொண்டிக் கால வெச்சு ஊரையே அளக்காதீங்க."

"வேற எத வெச்சு அளக்கச் சொல்றீங்க? உங்க நாற்காலிய வெச்சா?"

பிள்ளைகள் முன்னாலேயே அவரை வேலையை விட்டு நீக்கினார் செயலாளர். காவலாளி அவரை வேலிக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். ஆண்கள் அணியின் பயிற்சியாளர் வந்து வெட்டுக்கிளியின் முழங்காலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைப் பீய்ச்சினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லண்ணா."

அவள் நொண்டியபடி உள்ளே வந்தபோது அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. அணி முதலில் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோலை அடித்தவள் வெட்டுக்கிளி. அடித்துவிட்டு இறங்கிய கால் தரையில் நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது. அவள் அலறல் ஆரவாரத்தில் கேட்கவில்லை. நான்கு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொண்டாடுகிறார்கள் என்று நினைத்து, கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது.

கல்லூரி விசாரணை நடத்தியது. பயிற்சியில் குறை என்று முடிவானது. அந்தக் குறை, வேலையிலிருந்து நீக்கப்பட்ட பயிற்சியாளருடையதாம். வெட்டுக்கிளியின் வலது கால் பூட்ஸைச் செயலாளர் தம் அறையில், கோப்பைக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். ராசியாம்! கல்லூரி என்று பலகை மாட்டிய கட்டடத்துக்குள் ஒரு செருப்புக்குச் சன்னிதி.

பயிற்சியாளருக்கு வேறெந்தக் கல்லூரியும் வேலை தரவில்லை. இப்போது ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் துண்டு மடித்துக் கொடுக்கிறார். அங்கேயே ஒருநாள் தையல்காரம்மா வந்து நின்றார்.

"எம்பொண்ணு படியேற முடியாம கெடக்குறா. ஓடக் கத்துக்குடுத்தியே, இப்ப நடக்கக் கத்துக்குடு வா."

"நான் வேணாம்னுதான் சொன்னேன்மா."

"வாயால சொன்ன. வேலிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்த? உள்ள பூந்து எம்புள்ளய இழுத்துட்டு வந்திருக்கணுமா, இல்லையா?"

பயிற்சியாளர் கையில் இருந்த துண்டை மறுபடியும் மடித்தார்.

அந்தக் கேள்வி அவருக்கு மட்டுமானது அல்ல. வேலையும் போய், வெளியே தள்ளப்பட்டு நின்றவர் அவர். அரங்கத்தில் கை தட்டிய உங்களை யாரும் தள்ளவில்லை. நல்ல இருக்கையில் உட்கார்ந்திருந்தீர்கள். இனி எந்த மைதானத்திலாவது ஒரு பெண்ணை நொண்ட நொண்ட இறக்கினால், வீரம் என்று மெய்சிலிர்க்காதீர்கள். எழுந்திருங்கள். பக்கத்தில் இருப்பவரையும் எழுப்புங்கள். கோட்டைத் தாண்டி உள்ளே போய் ஆட்டத்தை நிறுத்துங்கள்.