ஆடிக்கூழும் இரண்டு அகப்பைகளும்

கூழ்ப்பானை அடுப்பில் ஏறிய பிறகுதான் பிரச்சினை தொடங்கியது.

அன்று ஆடிப்பிறப்பு. கொடிகாமத்துப் பக்கம் ஒரு முன்பள்ளி. நான் பொறுப்பாசிரியை. பண்டிகை என்றால் படத்தில் காட்டக்கூடாது, செய்து காட்டவேண்டும் என்பது என் பிடிவாதம். அரிசிமா, பயறு, தேங்காய் என்று வீட்டுக்கு ஒரு சாமான் கேட்டிருந்தேன். பனங்கட்டி என் வகுப்புப் பிள்ளை யதுசாவின் வீட்டிலிருந்து வந்தது. அவளின் அப்பா பனையேறுகிறவர், அம்மா பனங்கட்டி காய்ச்சுகிறவர். கூழையும் அவரே காய்ச்சட்டும் என்று சொல்லியிருந்தேன்.

"எங்கடை அம்மாதான் எல்லாருக்கும் கூழ் காய்ச்சப் போறா!" ஒரு கிழமையாக யதுசாவுக்கு இதே கதைதான்.

யதுசாவின் அம்மா அகப்பையை எடுத்ததும் பெற்றார் குழுத் தலைவி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"டீச்சர், உவ காய்ச்சினா எங்கடை ஆக்கள் பிள்ளையளைக் குடிக்க விடமாட்டினம்."

"உவ காய்ச்சின பனங்கட்டிதானே போடப்போறம்?"

"அது கடையிலையும் வாங்கிறதுதானே. இது வேறை."

என்ன வேறு என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளை மறித்துவிடுவார்கள் என்று பயந்தேன். வகுப்பில் எல்லாரும் சமம் என்று பாட்டுப் படிப்பிப்பவளும் நான்தான். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்.

சிரித்துக்கொண்டே போனேன். "அம்மா, கோப்பை கழுவ ஆளில்லை. ஒருக்காப் பாக்கிறியளே?"

அவர் என் முகத்தை ஒருதரம் பார்த்தார். "ஓம் டீச்சர்" என்று அகப்பையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். யதுசா பக்கத்தில்தான் நின்றாள். தலைவி அந்த அகப்பையைத் தொடாமல் வேறொன்று எடுத்தார். பனங்கட்டியை மட்டும் மிச்சம் விடாமல் போட்டார்.

கூழ் நல்ல ருசி. நானும் இரண்டு கோப்பை குடித்தேன், வெட்கமில்லாமல். விழாவைப் பார்க்க வந்த கல்வி அதிகாரி "பெற்றாரின் ஒற்றுமை பாராட்டத்தக்கது" என்று பள்ளியின் லொக் புத்தகத்தில் எழுதிவைத்துப் போனார்.

மறுநாள் விளையாட்டு நேரத்தில் பிள்ளைகள் தேங்காய்ச் சிரட்டையில் மண் கூழ் காய்ச்சினார்கள். ஒருத்தி யதுசாவிடம் தடியை நீட்டினாள். "இந்தா அகப்பை, நீ காய்ச்சு."

யதுசா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடக்கூடாது. நான் கோப்பை கழுவுறன்."

அவளுக்கு நாலு வயது.

புதிதாக வேலைக்கு வரும் தங்கச்சிமாரே, சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டினால் பிள்ளைகள் கெதியாய்ப் படிப்பார்கள் என்று பயிற்சியில் சொல்வார்கள். உண்மைதான். நான் செய்து காட்டினேன். அவள் ஒரே நாளில் படித்துவிட்டாள்.